ஆபரேஷனுக்கு முன்பே எலும்பைக் கையில் தரும் சேவை: கால்நடை அறுவை சிகிச்சைக்கான 3டி மாடல்கள்

நாய், பூனைகளுக்கு எலும்பு அறுவை சிகிச்சை செய்கிறேன். சிடி ஸ்கேனை அனுப்பினால் அந்த விலங்கின் எலும்பை அதே அளவில் அச்சிட்டு அனுப்பும் சேவை ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளைந்து முறுக்கிய கால், கழுத்து முள்ளெலும்பு, மண்டையோடு, இந்த மூன்றில் எதுவானாலும் தாராளமாக வாங்குங்கள். தொடை எலும்பின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு முறிவு என்றால் தேவையில்லை, எக்ஸ்ரே போதும். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், மாடலை யார் தயார் செய்கிறார், அச்சிடுவதற்கு முன் அவர் உங்களிடம் என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள். எந்தக் கம்பெனி மிஷின் என்பதெல்லாம் அப்புறம்தான்.

சேவை நடக்கும் விதம் எளிமையானது. ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்புகளை அனுப்புகிறோம். அவர்கள் ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்துண்டிலும் எலும்பைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதை முப்பரிமாண உருவமாக்கி, திரையில் சுழற்றிப் பார்க்கும்படி அனுப்புகிறார்கள். நாம் சரி என்றதும் அச்சாகி பார்சலில் வந்துவிடும். கூடுதலாகக் கேட்டால் எலும்பை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்று வழிகாட்டும் அச்சுத் துண்டையும் வடிவமைத்துத் தருகிறார்கள்.

எனக்கு இதன் அருமை முழுதாகப் புரிந்தது வளைந்த முன்னங்கால்களில்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாயின் முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் அருகருகே வளர்கின்றன. அல்னாவின் நீளத்தில் ஏறக்குறைய 85% வளர்ச்சி மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் ஒரே வளர்ச்சித் தட்டிலிருந்து, அதாவது எலும்பு நீளக் காரணமான குருத்தெலும்புப் பகுதியிலிருந்து, வருகிறது. நாய்களில் அந்தத் தட்டு கூம்பு வடிவில் இருப்பதால், பக்கவாட்டில் விழும் அடிகூட அதை நசுக்கிவிடும். குட்டி குதித்து விழுந்து இரண்டு நாள் நொண்டும், சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். தட்டு மட்டும் உள்ளே மூடிப்போயிருக்கும். அல்னா நின்றுவிட, ரேடியஸ் தொடர்ந்து வளர முயல, நாணேற்றிய வில்லைப் போல அது முன்பக்கம் வளைந்துகொண்டே போகும். பாதம் வெளிப்பக்கம் திரும்பும், முழங்கை மூட்டு பொருந்தாமல் விலகும். டாக்ஸ்ஹண்ட், பாசெட் ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் அடிபடாமலேயும் இது வருவதுண்டு.

இதை நேராக்க எலும்பை வெட்டி, திருப்பி, உலோக பிளேட் வைத்து ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு மனித எலும்பு மருத்துவத்தில் ட்ரோர் பேலி வகுத்த கோரா முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். மேல் மூட்டுக்கு ஒரு கோடு, கீழ் மூட்டுக்கு ஒரு கோடு வரைந்து, எலும்பின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டின் அச்சுக் கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பது. காகிதத்தில் அழகான முறை. ஆனால் கால் வளைந்ததோடு நிற்காமல் முறுக்கியும் இருந்தால் எக்ஸ்ரேயில் உண்மையான முன்பக்கத் தோற்றம் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. முழங்கை நேராகத் தெரியும்படி வைத்து எடுத்தால் மணிக்கட்டு திரும்பி நிற்கும், மணிக்கட்டை நேராக்கினால் முழங்கை திரும்பிவிடும், அப்படி எடுத்த படத்தில் எவ்வளவு கவனமாகக் கோடு போட்டாலும் கிடைக்கும் கோணம் அந்தக் காலின் கோணம் இல்லை.

இங்கேதான் மாடல் உதவுகிறது. சமீபத்தில் வந்த ஒரு நடுத்தர அளவு இளம் நாய்க்கு, படங்களை வைத்து வளைவின் நடுப்பகுதியில் வெட்டலாம் என்றுதான் ஆரம்பத் திட்டம். மாடல் வந்தபின் மேசையில் வைத்து, மூட்டுகளில் மெல்லிய கம்பியைக் குத்தி அச்சுகளைப் பார்த்தபோது வெட்ட வேண்டிய இடம் மணிக்கட்டுக்கு மிக அருகில் இருப்பது தெரிந்தது. அங்கே வெட்டினால் கீழே மிஞ்சும் துண்டு ரொம்பக் குட்டை, சாதாரண நேர் பிளேட்டில் போதுமான ஸ்க்ரூ பிடிக்காது. ஆகவே தலைப்பக்கம் அகன்று, பக்கத்துப் பக்கத்தில் ஸ்க்ரூ போடக்கூடிய டி பிளேட்டை எடுத்தோம். மாடலையே வெட்டினோம், கையாலேயே திருப்பி நேராக்கி ஒட்டினோம், அதன்மேல் பிளேட்டை வைத்து வளைத்துச் சரிபார்த்து, ஸ்க்ரூ நீளங்களைக்கூடக் குறித்துக்கொண்டோம். பிறகு அதே பிளேட்டை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு எடுத்து வைத்தாயிற்று.

ஆபரேஷன் தியேட்டரில் அந்த பிளேட் எலும்பில் உட்கார்ந்த விதத்தை இந்த வேலை செய்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. வழக்கமாக பிளேட்டை வளைப்போம், வைத்துப் பார்ப்போம், எடுப்போம், மறுபடி வளைப்போம், ஒவ்வொரு முறையும் காயம் திறந்தே கிடக்கும், மயக்கத்தில் இருக்கும் விலங்கின் உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். உடல் எடை குறைந்த விலங்குகளுக்கு இந்தச் சூடு இறங்குவது சின்ன விஷயமே இல்லை. அந்த வளைத்துப் பார்க்கும் நேரம் முழுவதையும் முந்தைய நாள் மாலைக்கு, யாரும் மயக்கத்தில் இல்லாத ஒரு மேசைக்கு, நகர்த்திவிட முடிகிறது. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் பணம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இனி சேவையின் தரம் பற்றி. இதற்கு முன் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிப் பார்த்தோம். கோப்பை ஏற்றினோம், ஒரு கேள்வியும் வரவில்லை, மாடல் வேகமாக வந்துவிட்டது. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முழங்கை மூட்டில் மூன்று எலும்புகளும் ஒரே கட்டியாக ஒட்டிப்போய் வந்திருந்தன. மூட்டு இடைவெளி மிகக் குறுகலானது. ஸ்கேன் துண்டுகள் தடிமனாக இருந்தால் இடைவெளியும் எலும்பும் ஒரே புள்ளியில் கலந்து, மென்பொருள் அதையும் எலும்பு என்றே எடுத்துக்கொள்ளும். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. மூட்டைப் பார்க்கத்தானே மாடல் கேட்டோம்!

இப்போது பயன்படுத்தும் சேவையில் கோப்பு போய்ச் சேர்ந்ததுமே தொழில்நுட்பம் பார்ப்பவர் போனில் அழைக்கிறார். எந்த மூட்டு தனித்தனியாக அசைய வேண்டும்? மாடலை வெட்டப் போகிறீர்களா, பார்க்க மட்டுமா? வலமா இடமா, படத்தில் எழுதியிருப்பதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானா? இதைவிட மெல்லிய துண்டுகளாக ஸ்கேன் கிடைக்குமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். 3 மி.மீ. துண்டுகளில் இருந்து செய்த மாடலில் படிக்கட்டு மாதிரி விளிம்புகள் வரும், சின்ன விலங்குக்கு 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால்தான் நம்பி வேலை செய்யலாம். ஸ்கேன் மிஷினில் மூலத் தரவு அழிக்கப்படாமல் இருந்தால் அதிலிருந்து மெல்லிய துண்டுகளை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம், விலங்கை இன்னொரு முறை மயக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தரவை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே மாடல் செய்யப் போகிறோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது அளவு எல்லை. சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தியைக் காட்டும் ஹௌன்ஸ்ஃபீல்ட் எண் ஒன்று உண்டு: காற்று கழித்தல் 1000, தண்ணீர் 0, பஞ்சு போன்ற உள்ளெலும்பு சில நூறுகளில், கெட்டியான வெளியெலும்பு 1000-ஐத் தாண்டியும் போகும். எந்த எண்ணுக்கு மேல் எலும்பு என்று ஒருவர் முடிவு செய்கிறார். எல்லையை உயர்த்தினால் கண்குழிச் சுவர் மாதிரியான மெல்லிய எலும்பு காணாமல் போய் ஓட்டை விழும், தாழ்த்தினால் எலும்பு கொஞ்சம் உப்பி, பக்கத்து எலும்போடு ஒட்டிக்கொள்ளும். குட்டிகளில் இன்னும் சிக்கல், வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பு என்பதால் படத்தில் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும், எலும்பு முனைகள் அந்தரத்தில் மிதக்கும். இவர்கள் அந்த இடத்தில் சின்னத் தூண்கள் வைத்து இணைத்து, எது தூண் என்று குறிப்பும் அனுப்பினார்கள். ஆக, மாடல் என்பது எலும்பின் போட்டோ இல்லை, யாரோ ஒருவர் எடுத்த பல முடிவுகளின் கூட்டு. அந்த முடிவுகளை நம்மிடம் கேட்டு எடுக்கிறவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும்.

மாடல் கைக்கு வந்ததும் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: ஸ்கேன் படத்தில் எளிதாக அடையாளம் காணக்கூடிய இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதே தூரத்தை மாடலில் காலிப்பர் வைத்துச் சரிபாருங்கள். அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பில் வெறும் எண்கள்தான் இருக்கும், அது மில்லிமீட்டரா அங்குலமா என்ற தகவலே இருக்காது. அங்குலம் மில்லிமீட்டர் குழப்பம் வந்தால் 25.4 மடங்கு மாறிவிடும், அது யார் கண்ணிலும் பட்டுவிடும். சில சதவீதம் சுருங்கி வந்திருந்தால்தான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாது, பிளேட் மட்டும் உட்காராது. இடவலம் மாறிப் பிரதிபிம்பமாக அச்சாகும் அபாயமும் உண்டு. இடமா வலமா என்று காட்டும் எழுத்தை மாடலில் பொறித்துத் தரச் சொல்லிக் கேட்டோம், அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடலிலும் வருகிறது. கேட்காமலே செய்திருக்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

பொருளைப் பற்றி. வெட்டிப் பழக பிஎல்ஏ என்ற மலிவான பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாடல் போதும், ஆனால் உள்ளே கூடாக இல்லாமல் அடர்த்தியாக அச்சிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்காது. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், மின்ரம்பத்தை வேகமாக ஓட்டினால் உருகி ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நிதானமாக அல்லது கைரம்பத்தால் வெட்டுங்கள். 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் முடிந்தது கதை. தியேட்டருக்குள் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டெரைல் பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். நுணுக்கமான இடங்களுக்கு ரெசின் மாடல் நல்லது, விளிம்புகள் கூர்மையாக வருகின்றன, ஆனால் வெட்டும்போது நுண்தூள் பறக்கும், மாஸ்க் போடாமல் வெட்டாதீர்கள். எது வாங்கினாலும் துளையிடும்போது கைக்குக் கிடைக்கும் அழுத்தத்தை எலும்பின் அழுத்தம் என்று பழகிக்கொள்ளக் கூடாது. வடிவத்தைத்தான் பிளாஸ்டிக் கற்றுத் தரும்.

கழுத்துக்கு வருவோம். யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற மிகச் சின்ன நாய்களில் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் சரியாகப் பிணையாமல், தலை குனியும்போது தண்டுவடத்தை அழுத்தும் பிரச்சினை பிறவியிலேயே வரும். அதை ஸ்க்ரூ போட்டு நிலைப்படுத்த வேண்டும். ஸ்க்ரூ போகக்கூடிய எலும்பின் அகலம் சில மில்லிமீட்டர்தான், ஒரு பக்கம் தண்டுவடம், இன்னொரு பக்கம் ரத்தக் குழாய். இதற்கு மாடலோடு சேர்த்துத் துளை வழிகாட்டியும் வாங்குகிறோம். எலும்பின் மேடுபள்ளங்களுக்கு நேரெதிராக அதன் அடிப்பகுதி செதுக்கப்பட்டிருப்பதால் சரியான இடத்தில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும், அதிலுள்ள குழாய் வழியாகத் துளை போட்டால் திட்டமிட்ட திசையிலேயே போகும். கேட்க எளிமை. நடைமுறையில் அந்த எலும்புப் பரப்பிலிருந்து தசையையும் சவ்வையும் சுத்தமாக நீக்கினால்தான் அது உட்காரும், கொஞ்சம் திசு இடையில் சிக்கினாலும் கோணம் தவறிவிடும். முதலில் மாடலில் வைத்துப் பாருங்கள், ஆடாமல் பிடிக்கும் உணர்வைக் கை பழகிக்கொள்ளட்டும். நிஜத்தில் ஆடினால் பயன்படுத்தாதீர்கள். வழிகாட்டி உடலுக்குள் படுவது என்பதால் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட, ஸ்டெரிலைஸ் செய்யத் தாங்கும் ரெசினில் வர வேண்டும், இதில் பேரம் வேண்டாம்.

மண்டையோட்டில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018-இல் வெளியான கனடா செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். கெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் மிஷெல் ஓப்லாக் குழுவினர் பேட்சஸ் என்ற டாக்ஸ்ஹண்டுக்கு மண்டையில் வளர்ந்த புற்றுக்கட்டியை அகற்றினார்கள். மண்டையோட்டின் மேற்பகுதியில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கென்றே அச்சிட்ட டைட்டானியத் தகட்டைப் பொருத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எலும்பை வெட்டப் போகிறோம் என்று மில்லிமீட்டர் சுத்தமாக முன்கூட்டியே முடிவு செய்யாமல் அந்தத் தகட்டை அச்சிட்டிருக்கவே முடியாது. கட்டி வளரும் வேகம் காத்திருக்காது என்பதும் இதில் ஒரு கஷ்டம், ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் நாட்கள் கூடினால் திட்டம் பழசாகிவிடும். வளரும் குட்டிகளின் காலுக்கும் இதே கதைதான்.

மாடலில் இல்லாததையும் சொல்ல வேண்டும். தசை இல்லை, நரம்பு இல்லை, தமனி இல்லை. சாதாரண சிடியில் மூட்டுக் குருத்தெலும்பு தெரியாது, ஆகவே மாடலில் நாம் தடவும் மூட்டுப் பரப்பு குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்புதான். பல மாதங்கள் வளைந்தே இருந்த காலில் தசைநாண்கள் அந்த வளைவுக்கு ஏற்பச் சுருங்கியிருக்கும். மேசைமேல் பிளாஸ்டிக் எலும்பு லேசாக நேராகிவிடும், நிஜத்தில் கால் எதிர்த்து இழுக்கும். இதை எதிர்பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும்.

முறிவுகளுக்கு இந்தச் சேவையை நான் அதிகம் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் நேரம். பார்சல் வரும்வரை முறிந்த எலும்பு காத்திருக்காது, ஸ்கேன் எடுத்த பின்னும் துண்டுகள் நகரும். அதற்கு மருத்துவமனையிலேயே ஒரு சின்ன பிரிண்டர் வைத்துக்கொண்டு, 3டி ஸ்லைசர், இன்வெசாலியஸ் மாதிரி இலவச மென்பொருளில் நாமே செய்வது மேல். பழக நேரம் பிடிக்கும், ஆனால் பழகலாம். வண்டியில் அடிபட்ட பூனையின் இடுப்பெலும்பு ஒரு பக்கம் மட்டும் நொறுங்கியிருந்தால், நல்ல பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டு இரவோடு இரவாக அதில் பிளேட்டை வளைத்து வைத்துவிடலாம். இதற்கு மூட்டை நுணுக்கமாகப் பிரிக்கும் வேலைகூட அதிகம் இல்லை.

விலையைப் பொறுத்தவரை மாடல் தனியாக என்றால் ஸ்கேன் செலவோடு ஒப்பிடும்போது எங்களுக்குப் பெரிய சுமையாக இல்லை. வழிகாட்டித் துண்டு சேர்ந்தால் கூடுகிறது, அது வடிவமைப்பவரின் உழைப்புக்கான பணம், நியாயமானது. வளர்ப்பவரிடம் இதற்குத் தனியாகப் பணம் கேட்கத் தயங்குகிறவர்கள் மாடலை அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்ரேயைக் காட்டி எவ்வளவு விளக்கினாலும் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டாக்டர், இவ்வளவு வளைஞ்ச காலோடயா இவன் இத்தனை நாள் ஓடினான்?” என்று கேட்கிறார்கள். அப்புறம் அவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். எங்கே வெட்டுவீர்கள், எத்தனை வாரம் கட்டிப்போட வேண்டும், இன்னொரு முறை வெட்ட வேண்டி வருமா என்று. தியேட்டர் நர்ஸும் முந்தைய நாளே மாடலைப் பார்த்துவிடுவதால் எந்த பிளேட், எந்த ஸ்க்ரூ என்று தட்டு தயாராக இருக்கிறது.

குறைகள் இருக்கின்றன. திரையில் ஒப்புதலுக்கு அனுப்பும் உருவத்தில் தூரம் அளக்கும் வசதி இல்லை, சுழற்றிப் பார்க்க மட்டுமே முடிகிறது. அளவைப் பார்க்காமல் எப்படிச் சரி என்று சொல்வது? இப்போதைக்கு எஸ்டிஎல் கோப்பையே கேட்டு வாங்கி நாங்களே அளக்கிறோம், கொடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. திருத்தம் சொன்னால் ஒரு சுற்று தாமதமாகிறது. பொம்மை இன நாய்களின் மெல்லிய எலும்பு முனைகள் பார்சலில் உடைந்து வந்ததுண்டு, மறுபடி அச்சிட்டு அனுப்பினார்கள், அதற்கு முணுமுணுக்கவில்லை. எனக்குப் பெரிய குறை, அச்சிடும்போது தாங்கி நிற்க வைக்கும் சப்போர்ட் குச்சிகளை மூட்டுப் பரப்பின்மேல் வைத்துவிடுவது. பிய்த்தெடுத்த இடத்தில் சொரசொரப்பு நிற்கிறது, வழிகாட்டியோ பிளேட்டோ உட்காரும் இடமாக அது இருந்தால் தேய்க்கவும் பயமாக இருக்கிறது, தேய்த்தால் அளவு போய்விடும். ஆர்டர் கொடுக்கும்போதே எந்தப் பரப்பில் சப்போர்ட் வரக் கூடாது என்று படத்தில் குறித்து அனுப்புங்கள். அப்படி அனுப்பிய மாடல்கள் சுத்தமாக வந்தன.